வாலுக்கு டாலர், புல்லுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், கோழி இனத்தைச் சேர்ந்த ஃபெசன்ட் என்னும் காட்டுப் பறவைகளின் எண்ணிக்கை ஏறியிறங்குவது பற்றிய தங்கள் கட்டுரை, பழியை வேட்டைக்காரர்கள் மீதும் நரிகள் மீதும் சுமத்துகிறது. அங்கு சேவல்களை மட்டுமே சுட அனுமதி. ஒரு சேவல் பல பெட்டைகளுடன் இணையும் இனம் இது. எனவே வேட்டையால் அடுத்த தலைமுறை பெரிதாகக் குறைவதில்லை. குறைவது அவை கூடு கட்டும் புல்வெளிதான். விளைநிலத்தைப் புல்லாகவே விட்டுவைக்கும் விவசாயிகளுக்கு ஆண்டு வாடகை தரும் கூட்டரசுத் திட்டத்தில், 2007இல் நாடெங்கும் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியதும் அதில் கணிசமான பரப்பு மீண்டும் ஏருக்குப் போயிற்று.

அம்மாநிலத்தில் வசித்தபோது, ஜூனில் தீவனப்புல் அறுத்த வயலொன்றில் நடந்திருக்கிறேன். கடைசி நொடிவரை அடையைவிட்டு எழாத பெட்டை புல்லறுக்கும் இயந்திரத்தின் கத்தியில் சிக்கிக் கிடந்தது. சுற்றிலும் உடைந்த முட்டைகள். நரி தின்றிருந்தால் அதன்மீது பழிபோடலாம், இதற்கு யார்மீது போடுவது? கூடுகளைச் சூறையாடும் ரக்கூன், ஸ்கங்க் போன்ற சிறு விலங்குகளின் வால் ஒன்றுக்கு 10 டாலர் தரும் திட்டத்தை மாநில அரசு 2019இல் தொடங்கியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதியையாவது, வரப்போரப் புல்லை ஜூலை இறுதிவரை அறுக்காமல் விடும் விவசாயிகளுக்கு ஈட்டுத்தொகையாகக் கொடுக்கலாம்.