நாடா அறுத்த புண் என்று நினைத்தோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலையேற்றம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கையில் என்னென்ன எடுத்துச்செல்ல வேண்டும் என்று ஷூ, டார்ச், குளுக்கோஸ், தைலம் வரை எழுதியிருந்தார் கட்டுரையாளர். கூடவே, பிள்ளைகள் புல்லில் மல்லாந்து படுத்திருக்கும் படம். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உண்ணியைப் பற்றி அத்தனை பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் வீடு குடியாத்தம் பக்கம், மலையடிவாரத்தில். போன மார்கழியில் என் ஓரகத்திக்குக் காய்ச்சல் வந்தது. முதல் மூன்று நாள் கஷாயமும் பாராசிட்டமாலும். நான்காம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி. டெங்கு இல்லை என்றார்கள். டைபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. எட்டாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர், "அம்மா, புல் அறுக்கப் போவீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். ஆமாம், ஆடு இருக்கிறது என்றேன். உடனே திரையை இழுத்துவிட்டு, உச்சி முதல் பாதம் வரை அவரே பார்த்தார். பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், இடுப்பின் பக்கவாட்டில், பீடியால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு. சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். சுற்றிலும் சிவந்த வளையம். என்னையும் அழைத்துக் காட்டினார். ஓரகத்திக்கு அது முன்பே தெரியும். நாடா அறுத்த புண் என்று தேங்காய் எண்ணெய் தடவி வந்திருக்கிறார். வலிக்கவில்லை, அரிக்கவில்லை; அந்த இடத்தில் இருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது என்று இருந்துவிட்டார்.

உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் என்றார் மருத்துவர். டாக்சிசைக்ளின் தொடங்கிய இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது. விலை குறைந்த, எங்கும் கிடைக்கிற மருந்து. டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. பென்சிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. நாள் தள்ளினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். தடுப்பூசியும் கிடையாது. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்று 2023இல் உலகுக்குச் சொன்ன ஆய்வு, எங்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களின் தலைமையில் நடந்தது. அந்த வேலூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு நாங்கள் எட்டு நாள் தடுமாறியிருக்கிறோம். இன்றும் நினைத்தால் மனம் ஆறவில்லை.

உண்ணிக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டால் நாய்க் காதில் கொத்தாகத் தொங்கும் உண்ணிதான் நினைவுக்கு வரும். இதைப் பரப்புவது அதற்குத் தூரத்துச் சொந்தமான வேறொரு நுண்ணிய பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும், கண்ணுக்குப் பிடிபடாது. புதரிலும் புல்லிலும் காத்திருந்து, உரசிப் போகிறவர் மேல் ஏறிக்கொள்ளும். துணி இறுகி வழி மறிக்கும் இடம் வரை ஊர்ந்து போய் அங்கே வாய் வைக்கும். அதனால்தான் இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி என்று மறைவான இடங்களிலேயே பொருக்கு இருக்கிறது. பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தவர்களும் காட்டுவதில்லை, குறிப்பாக நம் பெண்கள்.

கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். சிலருக்கு மூன்று வாரம்கூட ஆகும். அதற்குள் காட்டுக்குப் போனதே மறந்துவிடும். மருத்துவர் கேட்காவிட்டாலும் நாம் சொல்ல வேண்டும்: புல்லில் உட்கார்ந்தேன், புதருக்குள் போனேன், உடம்பில் இப்படி ஒரு புண் இருக்கிறது என்று.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. கொல்லைக்கோ மலைக்கோ போனவர்கள் திரும்பியதும் திண்ணையில் உட்காருவதில்லை. போட்டிருந்த துணியை அப்படியே கொதிநீரில் போட்டுவிட்டு, சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளிக்கிறார்கள். ஊரத் தொடங்கிய பூச்சி வாய் வைப்பதற்குள் தேய்த்துக் கழுவிவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். பிறகு பெண்கள் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்கிறோம். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. பிள்ளைகளுக்குக் காதின் பின்புறம், தலைமுடிக்குள், தொப்புள் எல்லாம் பார்க்கிறோம். துவைத்த துணியை உண்ணிச்செடி வேலியின் மேல் விரித்துப் போடுவதை அடியோடு விட்டாயிற்று, கொடியில்தான் காய்கிறது.

மலையேறப் போகிற இளைஞர்களும் முழுக்கை சட்டை போட்டு, பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளட்டும். அழகாக இராது என்று என் மருமகன் சொன்னான், பரவாயில்லை. துணி வெளிர் நிறமாக இருந்தால் பெரிய உண்ணி ஏறுவது தெரியும். டீட் கலந்த பூச்சி விரட்டி கொசுவோடு இவற்றையும் அண்டவிடாது. உட்கார வேண்டுமென்றால் பாறையில் உட்காருங்கள், அல்லது கனமான விரிப்பைப் போடுங்கள்.

நாய், மாடுகளின் உண்ணியும் சாதுவானதல்ல. தோலில் கவ்வியிருந்தால் தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, விரலால் நசுக்குவது எல்லாம் தவறு. நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முதுமலை, பந்திப்பூர், வயநாடு பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணி வழியாகத்தான் பரவுகிறது. வழியில் குரங்கு செத்துக் கிடந்தால் கிட்டே போகாமல் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பொது சுகாதாரத் துறை உண்ணிக்காய்ச்சல் பற்றி எச்சரித்தபோது, நோய் காணப்படும் மாவட்டங்களின் பட்டியலில் எங்கள் வேலூர் இருந்தது, சென்னையும் இருந்தது. காலி மனையில் புல் மண்டி, இந்தப் பூச்சியைச் சுமக்கும் எலி திரிந்தால் நகரத்திலும் வரும்.

அடுத்த முறை மலையேற்றக் கட்டுரை வரும்போது, அந்தக் கறுப்புப் பொருக்கின் படத்தையும் ஓர் ஓரத்தில் போடுங்கள், ஐயா. பார்ப்பதற்கு அருவருப்பாக இருக்கும்தான். ஆனால் நான் அதை முன்பே ஒருமுறை படத்தில் பார்த்திருந்தால், முதல் நாளே என் ஓரகத்தியின் நாடாவைத் தளர்த்திப் பார்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
குடியாத்தம்.