ஸ்டீராய்டு எழுதும் முன்: கொங்கு மண்டல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

கோபி பக்கம் ஒரு லேபில் மைக்ராஸ்கோப் பார்க்கிறவன் எழுதுகிறேன். மூட்டுவாதம், வீசிங், சிறுநீரக மாற்று என்று ஏதோ ஒன்றுக்காக ஸ்டீராய்டு தொடங்குகிறீர்கள். அதற்கு முன் சுகர் பார்க்கிறீர்கள், டிபி இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கிறீர்கள். சரி. வெறுங்காலோடு சேற்றில் இறங்கி வேலை செய்தவரா என்று கேட்பவர்கள் குறைவு.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழு மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறி, நுரையீரல் வழியாகச் சிறுகுடலுக்குப் போய்க் குடியிருக்கும். உள்ளேயே திரும்பத் திரும்பத் தொற்றிக்கொள்வதால் அதற்கு ஆயுள் கணக்கே இல்லை. இரண்டாம் உலகப்போரில் சயாம் – பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் சிலரிடம் 30, 40 ஆண்டு கழித்தும் இருந்தது. தடப்பள்ளி வாய்க்கால் வயலில் நாற்று நட்டு, வயசாகி வீட்டோடு இருக்கும் ஆத்தாவிடமும் இருக்கலாம். பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது.

எதிர்ப்புச் சக்தியை மருந்து அமுக்கியதும் புழு பல்கிப் பெருகும். குடல் சுவரைத் துளைத்து, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு ரத்தம், நுரையீரல், மூளை என்று பரவும். வெளியே தெரிவது நிமோனியா, செப்சிஸ் (கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பாதிப்பது), மூளைக்காய்ச்சல். வீசிங் முற்றிவிட்டது என்று டோஸை ஏற்றினால் உயிருக்கே வினை. புழு இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஈசினோஃபில் என்ற வெள்ளணு காட்டிக்கொடுக்காதா என்றால், அதையும் ஸ்டீராய்டே இறக்கிவிடுகிறது.

(பேப்பர் பொட்டலத்தில் ஸ்டீராய்டை 'வலி மாத்திரை' என்று கொடுக்கிறவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

எங்கள் பக்கமும் சொல்லிவிடுகிறேன். 'ஓவா நில், சிஸ்ட் நில்' (புழு முட்டையும் இல்லை, கிருமிக் கூடும் இல்லை) என்று மலப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். இந்தப் புழுவின் முட்டை குடலிலேயே பொரிந்துவிடும். மலத்தில் வருவது லார்வா. உப்புத்தண்ணீர் சொட்டில் வைத்துப் பார்த்தால் நூல்துண்டு போல நெளியும். அதுவும் கொஞ்சமாக, விட்டுவிட்டுத்தான் வரும். ஒரு சாம்பிளில் சிக்காமல் போவது சகஜம். நேற்றைய சாம்பிளாக இருந்தால் கொக்கிப்புழு முட்டையும் பொரிந்து, எது எதுவென்று குழப்பும்.

பள்ளிகளில் கொடுக்கிற ஒற்றை அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை இதற்குப் போதாது. ஐவர்மெக்டின்தான் கேட்கும், விலையும் குறைவு. அவசரமாக ஸ்டீராய்டு கொடுக்க வேண்டியிருந்து, சந்தேகமும் இருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அதைக் கொடுப்பதை யோசியுங்கள்.

நேரம் இருந்தால், தனித்தனி நாட்களில் 3 சாம்பிள் அனுப்புங்கள். சீட்டில் 'ஸ்டீராய்டு தொடங்கப்போகிறோம்' என்று மட்டும் எழுதிவிடுங்கள். அந்தச் சாம்பிளை வரிசையில் வைக்காமல், வந்த சூட்டோடு எடுத்துப் பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு லேப் டெக்னீசியன்