‘இல்லை’ வேறு, ‘தெரியாது’ வேறு

திருகோணமலை
மார்கழி 14

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமை. மழையைச் சாட்டுச் சொல்லலாம், ஆனால் நீ நம்பமாட்டாய். வாடை தொடங்கியதிலிருந்து டச் பே பக்கம் ஒரே இரைச்சல். கோட்டை மான்கள் நனைந்துபோய்க் கடை ஓரங்களில் ஒதுங்கி நிற்கின்றன. போன கிழமை ஒன்று எங்கள் கேற்றுக்குள் வந்து அம்மாவின் செவ்வரத்தையை மொட்டையடித்துவிட்டுப் போனது. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும்தான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதுகிற பேக்கப் புரோகிராமில் எல்லாக் கோப்புக்கும் சொந்தக்காரராக ஒரே ஆளின் பெயர் விழுகிறது என்று எழுதியிருந்தாய். வாசித்துச் சிரித்துவிட்டேன், கோவிக்காதே. நானும் அதே குழியில் விழுந்து எழும்பினவன்தான். டிஸ்க்கில் கோப்போடு கிடப்பது சொந்தக்காரரின் எண் மட்டும். 1004 யார் என்று கேட்டால்தான் பெயர் வரும். சி மொழியின் பொது லைப்ரரி அந்தப் பதிலைத் தன் சொந்தக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறது. அடுத்த ஆளைக் கேட்டதும் பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதுப் பெயரை எழுதும். நீ பெயரைப் பிரதியெடுக்கவில்லை, பலகை தொங்குகிற சுவரைக் குறித்து வைத்திருக்கிறாய். அதனால் கடைசியாகக் கேட்ட ஆள் எல்லாக் கோப்புக்கும் சொந்தக்காரன் ஆகிவிட்டான். பெயரை உன் இடத்துக்குப் பிரதி பண்ணு. திரெட் பாவிக்கிறாய் என்றால், அதாவது ஒரே புரோகிராமுக்குள் பல வேலை ஒரே நேரத்தில் ஓடுகிறது என்றால், அந்த ஃபங்ஷனின் பெயருக்குக் கடைசியில் அண்டர்ஸ்கோரும் ஆரும் (_r) போட்ட வடிவம்தான் பாதுகாப்பு.

ஒருமுறை கேட்ட பதிலை ஞாபகத்தில் வைக்கக் கேஷ் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. கோப்புப் பட்டியல் காட்டுகிற ‘எல்எஸ்’ கட்டளை கூட அதைத்தான் செய்கிறது: ஒரு எண்ணை ஒருமுறை கேட்டால், அந்த ஓட்டம் முடியும் வரை திரும்பக் கேட்காது. எங்கள் பயிற்சி நிலையத்தில் அது போதவில்லை. மாணவர்களின் ஹோம் டைரக்டரி 400, ஒவ்வொன்றுக்கும் வேறு ஆள். யாருக்கு எந்த எண் என்ற பட்டியலை வைத்திருக்கிற எல்டாப் சேர்வர் கொழும்பில். ஒரு கேள்வி போய் வர 60 மில்லி செக்கன் என்று வை. 400 தரம் என்றால் 24 செக்கன். ஒரு பட்டியல் பார்க்க! முதல் நாள் நான் லினக்ஸ் தொங்கிவிட்டது என்று நினைத்து பவர் பட்டனை அமத்தப் போனேன்.

இந்தக் கஷ்டம் புதிதில்லை. ஒரு மெஷினில், பெயரும் எண்ணும் இருக்கிற பாஸ்வேர்ட் கோப்பை மேலிருந்து கீழே வாசித்தால் முடிந்த வேலை, நெட்வேர்க்குக்குப் போனதும் பாரமாகிவிட்டது. சன் கம்பனி அதற்குச் செய்ததுக்கு முதலில் ‘யெல்லோ பேஜஸ்’ என்றுதான் பெயர். பிரிட்டிஷ் டெலிகாம் தன் டிரேட்மார்க் என்றதால் ‘நிஸ்’ ஆனது. கட்டளைகள் மட்டும் இன்னும் ‘ஒய்பி’ என்றே தொடங்கும். பெயரை மாற்றினாலும் ஊர் பழைய பெயரைத்தான் சொல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஆகவே நான் என்எஸ்சிடி போட்டேன். இது சி லைப்ரரியோடு வருகிற டீமன், பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிற புரோகிராம். எல்லாப் புரோகிராமுக்கும் பொதுவாக ஒரு ஞாபகம் வைத்திருக்கும். ‘இப்படி ஒரு ஆள் உண்டு’ என்ற பதிலை 600 செக்கன் வைத்திருக்கும், ‘இல்லை’ என்ற பதிலை 20 செக்கன். குறூப்புக்கு 3600, 60. கொன்ஃபிக் கோப்பில் அப்படித்தான் வந்திருந்தது. எழுதினவன் முட்டாள் இல்லை, நான்தான் கெட்டிக்காரனாகப் பார்த்தேன். படித்து முடித்துப் போன மாணவர்களின் பழைய கோப்புகள் நிறையக் கிடந்தன. அந்த எண்களுக்கு ஆளே இல்லை. ‘இல்லை’ என்று கேட்டுவர ஒவ்வொரு தரமும் கொழும்புக்குப் போவானேன் என்று 20ஐ 3600 ஆக்கிவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒன்றுக்குக் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. அந்த யூசர் பெயர் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று முதலில், ஆளின் எண்ணைக் காட்டுகிற ‘ஐடி’ கட்டளையை அடித்துப் பார்த்தேன். அப்படி யாரும் இல்லை என்றது. நல்லது என்று எல்டாபில் திறந்தேன். பிள்ளை லொகின் பண்ணினால் போகவில்லை. திரும்ப ‘ஐடி’ அடித்தேன், அப்படி யாரும் இல்லை. எல்டாபில் தேடினால் ஆள் இருக்கிறது! பக்கத்து மெஷினில் அதே பிள்ளை ஒழுங்காக உள்ளே போகிறது. நான் முக்கால் மணித்தியாலம் எல்டாப் பதிவுக் கோப்புகளைக் கிண்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை கொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது, “சேர், நான் நாளைக்கு வரட்டோ?” என்று. என் மெஷினுக்கு ‘இல்லை’ என்று சொல்லிக் கொடுத்ததே நான் தான் என்று அப்போதுதான் உறைத்தது. என்எஸ்சிடியின் ஞாபகத்தில் பாஸ்வேர்ட் பகுதியைச் செல்லாததாக்க ஒரு கட்டளை, அவ்வளவுதான் வேலை.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு தேத்தண்ணிக்கடை. பராட்டா இருக்கா என்றால் அங்கே நிற்கிற பெடியன் திரும்பியே பார்க்காமல் ‘முடிஞ்சுது’ என்பான். பின்னால் கல்லில் புதுசாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவன் பொய் சொல்லவில்லை. அரைமணி முந்திக் கேட்ட பதிலை எனக்கும் சொல்கிறான், அவ்வளவுதான்.

நீ அனுப்பிய கோட்டில் இன்னொரு இடத்தையும் பார்த்தேன், உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் இதுதான். பதில் வெறுமையாக வந்தால் ‘ஆள் இல்லை’ என்று உன் பட்டியலில் குறித்துவிடுகிறாய். ஆள் இல்லை என்பது ஒன்று, கேட்க முடியவில்லை என்பது வேறு. அண்டர்ஸ்கோர் ஆர் வடிவம் இரண்டையும் பிரித்துச் சொல்லும்: ஆள் இல்லையென்றால் திரும்பும் எண் பூச்சியம், விடை மட்டும் வெறுமை. கேட்கவே முடியாவிட்டால் எரர் எண் வரும். பெயரை எங்கெங்கே கேட்பது என்று சொல்கிற என்எஸ்எஸ் கொன்ஃபிக்கை எழுதினவர்களும் ‘கண்டுபிடிக்கவில்லை’, ‘கிடைக்காது’, ‘பிறகு கேள்’ என்று தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கே மாரியில் லைன் போனால் அரைமணிக்கு வராது. அந்த நேரம் உன் புரோகிராம் ஓடினால் ஊர் முழுக்க ஆள் இல்லாத வீடாகிவிடும். எரர் வந்ததைக் கேஷில் வைக்காதே. எண்ணை எண்ணாகவே எழுதிவிடு.

ரீஸ்டோர் பண்ணும்போதும் கவனம். கோப்புகளை ஒன்றாகக் கட்டுகிற ஜிஎன்யூ டார் பெயரையும் எண்ணையும் இரண்டையும் கட்டிவைக்கும், முழு அதிகாரமுள்ள றூட் ஆக விரிக்கும்போது பெயரைத்தான் முதலில் பார்க்கும், அந்தப் பெயர் இல்லாவிட்டால் எண்ணை எடுக்கும். வேறு மெஷினில் விரித்தால் எண் மாறும், பெயர் ஒத்துப்போனால் பிழைத்தாய். பெயர் இல்லாமல், 1004 ஐ யாராவது புது ஆளுக்குத் திரும்பக் கொடுத்திருந்தால், பழைய ஆளின் கோப்பெல்லாம் அவன் பெயரில் நிற்கும். இது நடந்திருக்கிறது, சம்பளப் பட்டியலோடு. அதை நேரில் சொல்கிறேன்.

கணக்குப் பகுதியிலிருந்து மாறிப்போன ஒருவரைக் குறூப்பிலிருந்து எடுத்தோம். கேஷும் கழுவினோம். மூன்று நாள் கழித்தும் மனிசன் அந்தக் கோப்புகளைத் திறக்கிறார். லொகின் பண்ணும்போதே குறூப் எண்கள் அவருடைய ஓடுகிற புரோகிராம்களில் பதிந்துவிடும், லினக்ஸின் மையமான கேர்னல் அதைத்தான் பார்க்கும், யாரையும் திரும்பக் கேட்காது. அவர் வீட்டுக்குப் போகும்போது திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாராம், லொகவுட் பண்ணுவதில்லை. செஷனை அறுத்தபோது அவருக்குக் கோபம்.

இப்போது என்எஸ்சிடியை விட்டு, அதே வேலையைச் செய்கிற எஸ்எஸ்எஸ்டிக்கு மாறியாயிற்று. 90 நிமிஷம் வைத்திருக்கிறது, ‘இல்லை’ க்கு 15 செக்கன். அந்த 15 இல் நான் கை வைக்கவில்லை. லைன் போனாலும் முந்தி லொகின் பண்ணினவர்கள் உள்ளே போகலாம், அதற்கு ஒரு வரி போட்டேன், மழைக்காலத்தில் அது புண்ணியம்.

பங்குனியில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு அந்தத் தைலம் இரண்டு போத்தல் கொண்டுவா. நீல மூடி போட்டது, சிவப்பு மூடி எரிகிறதாம்.

இப்படிக்கு,
உன்னோடு கடைசி வாங்கில் இருந்தவன்