கட்டடத்துக்கு நன்கொடை வாங்கும்போதே பராமரிப்புக்கும் வாங்கி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழகங்களில் புதிய கட்டடம் திறக்கும்போதெல்லாம் உங்கள் நாளிதழில் படம் வருகிறது. நாடா வெட்டுகிறார்கள், கல்வெட்டின் திரையை விலக்குகிறார்கள், பின்னால் மாணவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவுடன் எனக்கு எழுகிற முதல் கேள்வி, இந்தக் கூரை ஒழுகினால் எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள் என்பதுதான். ஒரு பல்கலைக்கழக நிர்வாக அலுவலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆள் நான். கடைசி 11 வருஷம் நன்கொடைக் கோப்புகளும் வளாக வளர்ச்சிக் கோப்புகளும் என் மேசை வழியாகத்தான் போயின.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கட்டடம் கட்ட நன்கொடை வாங்கும் அதே ஒப்பந்தத்திலேயே அதைப் பராமரிக்கும் பணத்தையும் வாங்கிவிட வேண்டும். அது முடியாது என்றால், இந்தக் கட்டடம் இப்போது வேண்டாம் என்று சொல்லும் துணிவு அலுவலகத்துக்கு வேண்டும்.

நான் இருந்த இடத்தில் நூலகத்தை ஒட்டி ஒரு வாசிப்புக் கூடம் கட்டினார்கள். முழுச் செலவையும் முன்னாள் மாணவர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். படிக்கும் காலத்தில் நூலகம் மூடுகிறவரை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தவர், வாசிப்புக் கூடம்தான் வேண்டும் என்று தானே கேட்டுத் தேர்ந்தெடுத்தார். அவர் கொடுத்த பணம் கடைசிக் காசு வரை கட்டுமானத்துக்கே போனது. ஒப்பந்தப்புள்ளி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்து கொஞ்சம் மிச்சம் விழுந்தபோதுகூட, முகப்பில் பளிங்குக்கல் பதித்து அதையும் தீர்த்தோம். அந்தக் குறிப்பை எழுதி மேலே அனுப்பியது நான்தான். இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

மூன்றாவது மழைக்காலத்தில், பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்கியது. முதலில் சுவரில் ஈரத்திட்டு, அப்புறம் பூச்சு உப்பி உதிர்ந்தது, அப்புறம் நேராகவே சொட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நீல வாளி, குறிப்புநூல் அலமாரிகளுக்கு மேலே தார்ப்பாய். பொறியாளர் பிரிவு மதிப்பீடு போட்டு அனுப்பியது, அப்படியொன்றும் பெரிய தொகை இல்லை. கோப்பு நிதிப் பிரிவுக்குப் போய், நன்கொடைக் கணக்கில் இருப்பு இல்லை, பொதுப் பராமரிப்புத் தலைப்பில் இந்த ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம் என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அடுத்த ஆண்டும் அதே குறிப்பு, தேதி மட்டும் வேறு.

அந்த நேரத்தில் நன்கொடையாளர் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் வந்தார். வாளியைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். கோபப்படவில்லை. என் அறைக்கு வந்து உட்கார்ந்து, "பராமரிப்புக்கும் பணம் வேண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே, யாரும் கேட்கவே இல்லையே" என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. நிஜமாகவே யாரும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? நன்கொடை திரட்டுகிறவர்களை இந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்ற ஒரே கணக்கை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். கொடுக்க வந்தவரிடம் இன்னும் கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. கட்டடப் பிரிவுக்கு வரைபடம் வருவதே ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான். அங்கே பாடம் நடத்தப்போகிற துறைக்குச் சாவி கொடுக்கும் நாளில்தான் அறையில் எத்தனை பிளக்பாயின்ட் இருக்கிறது என்று தெரியவரும். இந்த மூன்று தரப்பும் கையெழுத்துக்கு முன்னால் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதை அந்த 11 வருஷத்தில் இரண்டே முறைதான் பார்த்தேன். யாரும் கெட்டவர்கள் இல்லை, அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் கட்டடத்தின் முழு ஆயுளையும் யோசிக்க வேண்டியது இன்னார் பொறுப்பு என்று எந்த உத்தரவிலும் இல்லை.

பராமரிப்புக்கு எவ்வளவு ஆகும் என்பது தெரியாத விஷயமும் இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990இல் பொதுக் கட்டடங்கள் பற்றி ஓர் அறிக்கை தந்தது. ஒரு கட்டடத்தை இன்றைய விலையில் மறுபடி கட்டினால் என்ன ஆகுமோ, அதில் 100க்கு 2 முதல் 4 வரை ஆண்டுதோறும் பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒதுக்க வேண்டும் என்று அது சொன்னது. அப்படியென்றால் 25 முதல் 50 ஆண்டுகளுக்குள் இன்னொரு கட்டடத்தின் விலை உள்ளே போய்விடுகிறது. மின்கட்டணம், துப்புரவு, காவல் எல்லாம் இதற்கு மேலே. தள்ளிப்போட்டால் மிச்சமாகும் என்று நினைப்பதும் தவறு. முதல் வருஷம் இணைப்பை அடைத்தால் முடிந்துபோகிற வேலை அது. விட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்து உப்பும், கான்கிரீட்டைப் பிளக்கும், அப்புறம் தளத்தையே உடைத்து மறுபடி போட வேண்டிவரும். யானையை யாராவது பரிசாகக் கொடுத்தால் தீனி போடுவது யார் என்று முதல் நாளே பேசிக்கொள்வதில் என்ன தப்பு?

இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் கறாராகப் பேசியிருக்கிறார். அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் பல நாடுகளிலுமாக 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தன. கட்டடத்துக்குத்தான் அவர் பணம் தந்தார். நிலத்தை ஊர் கொடுக்க வேண்டும், அத்தோடு அவர் தரும் தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகத்தை நடத்துவதற்கு ஊர் ஒதுக்குவதாக உறுதியும் தர வேண்டும் என்பது அவர் வழக்கமாகப் போட்ட நிபந்தனை. சில ஊர்கள் அந்த நிபந்தனைக்காகவே வேண்டாம் என்றன. வேண்டாம் என்றதும் நேர்மையான பதில்தான், நடத்த முடியாது என்று தெரிந்தே வாங்கிப் பூட்டி வைப்பதைவிட அது மேல். இங்கே அந்த நிபந்தனையைக் கொடுக்கிறவர் போட்டார். அதையே வாங்குகிற பல்கலைக்கழகமும் தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாமே.

நம் வாசகர்களுக்கு மூலநிதி என்றால் என்ன என்று புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டினார்கள், 2018இல் இலக்கை எட்டினார்கள், தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது, உலகெங்கும் தமிழர்கள் தங்களால் முடிந்ததைப் போட்டார்கள். ஒரு பேராசிரியருக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று அப்போது பலர் என்னிடம் கேட்டார்கள். அந்தத் தொகை செலவழிப்பதற்கு இல்லை, முதலீடு செய்து, ஆண்டுக்கு 100க்கு 4, 5 என்ற அளவில் எடுத்து, இருக்கையை என்றென்றைக்கும் நடத்துவதற்கு. ஒரு பேராசிரியர் ஓய்வுபெற்றால் அடுத்தவர் வருவார், பணம் அங்கேயே இருக்கும். நாற்காலிக்கு இப்படி யோசிக்கத் தெரிந்த நாம் அந்த நாற்காலி இருக்கும் அறைக்கு ஏன் யோசிப்பதில்லை?

மூலநிதி வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பதிவேடு என்று ஒரு தடித்த பேரேடு உண்டு, ஓரமெல்லாம் செல்லரித்தது. பல பத்தாண்டுகளுக்கு முன் தாயின் நினைவாகவோ ஆசிரியர் நினைவாகவோ தங்கப் பதக்கத்துக்கென்று பணம் கட்டியவர்களின் வரிசை அதில் இருக்கும். அன்றைக்கு அந்த வட்டியில் பதக்கமும் வாங்கி ஒரு புத்தகப் பரிசும் கொடுக்கலாம். என் காலத்தில் அதே வட்டி பதக்கம் வைக்கிற பெட்டிக்குத்தான் போதுமாக இருந்தது, ஏனென்றால் கிடைத்த வட்டியை ஒவ்வொரு வருஷமும் முழுசாகச் செலவழித்துவிட்டு அசலை அப்படியே விட்டுவிட்டோம், விலைவாசி அதைத் தின்றுவிட்டது. வட்டியில் ஒரு பகுதியை அசலோடு திரும்பச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. முதலிடம் வந்த மாணவிக்குப் பதக்கத்துக்குப் பதிலாகச் சான்றிதழை நீட்டும்போது அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனாள். பணம் கட்டியவரின் பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கடிதம் எழுதாமல் விடுவது சின்ன விஷயம் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1961இல் ராபர்ட்சன் தம்பதியர் 3.5 கோடி டாலர் மதிப்புள்ள கொடை கொடுத்தார்கள், பட்டமேற்படிப்பு மாணவர்களை அரசுப் பணிக்குத் தயார் செய்வதற்காக. அந்த நோக்கத்துக்குப் பணம் பயன்படவில்லை என்று அவர்களுடைய பிள்ளைகள் 2002இல் வழக்குப் போட்டார்கள். பல்கலைக்கழகம் மறுத்தது. ஆறு வருஷம் இழுத்து 2008இல் சமரசம் ஆனது. குடும்பத்தின் வழக்குச் செலவுக்கு 4 கோடி டாலரும் புதிதாக ஓர் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலரும் அந்தக் கொடை நிதியிலிருந்து போயின. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இன்ன வேலைக்கு என்று கொடுத்த பணம் இன்ன வேலைக்குத்தான் போனது என்று வருஷாவருஷம் ஒரு பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தவருக்கு அனுப்புவதற்கு ஒரு எழுத்தரும் ஒரு தபால்தலையும் போதும்.

பெயர் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்து, குற்றச்சாட்டுகளுக்கு ஆளாகிப் பதவி இழந்த எலிஹு யேல், பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரிக்குச் சரக்குகள் அனுப்பினார். அவை 562 பவுண்டுக்கு விலைபோயின. அதற்கு நன்றியாக 1718இல் அந்தக் கல்லூரிக்கு வைத்த யேல் என்ற பெயர் முந்நூறு ஆண்டு கழித்தும் இருக்கிறது. பணம் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும். கட்டடத்துக்குப் பெயர் எத்தனை ஆண்டு இருக்கும், பெரிய சீரமைப்புக்கு வேறொருவர் பணம் கொடுத்தால் என்ன செய்வது என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது. கூச்சப்பட்டுக்கொண்டு இதைப் பேசாமல் விடுகிறோம்.

சரி, பெரிய கொடையாளர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எனக்கு மறக்கவே முடியாத நன்கொடை மிகச் சிறியது. முன்னாள் மாணவி ஒருவர் ஒரு காசோலையோடு நாலு வரிக் கடிதம் அனுப்பியிருந்தார். மாணவியர் விடுதிக் குளியலறைக் கதவுகளின் தாழ்ப்பாள்களை மாற்ற இந்தப் பணத்தைச் செலவிட வேண்டும், தான் இருந்த இரண்டு வருஷமும் தோழி ஒருத்தி வெளியே காவல் நின்றால்தான் குளிக்க முடிந்தது, பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம், இவ்வளவுதான் கடிதம். அந்தப் பணத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கட்டடம், உதவித்தொகை, பரிசு, இந்த மூன்றுக்குத்தான் எங்களிடம் கணக்குத் தலைப்பு இருந்தது. பழுதுபார்க்க என்று யாரும் அதுவரை கொடுத்ததில்லை, நாங்களும் கேட்டதில்லை. புதுத் தலைப்பு திறக்க நாலு மாதம் ஆனது. விடுமுறையில் ஆள் வைத்து 84 தாழ்ப்பாள் மாற்றினோம், பித்தளையில், நல்ல கனமானவை. வேலை முடிந்ததும் ஒரு கதவைப் படம் எடுத்து, ரசீதோடு வைத்து அவருக்கு அனுப்பினேன். அடுத்த வருஷம் அவருடைய வகுப்புத் தோழிகள் பதினேழு பேரிடமிருந்து பணம் வந்தது, தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படி விளக்குக்கும் என்று எழுதி.

பழுதுபார்க்கிற வேலைக்கு யாரும் நன்கொடை தரமாட்டார்கள் என்று அலுவலகங்களில் ஒரு முடிவோடு இருக்கிறார்கள். கேட்டுப் பார்க்காமலேயே எடுத்த முடிவு அது. முன்னாள் மாணவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நிதி கேட்டு மட்டும் கடிதம் போடாமல், போன வருஷம் கொடுத்ததில் என்ன செய்தோம், எது இன்னும் ஒழுகுகிறது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். கொடுப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

வாசகர்களில் யாராவது படித்த இடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்கிற எண்ணத்தில் இருந்தால், வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களின் மொட்டை மாடியை ஒருமுறை ஏறிப் பாருங்கள். கட்டடப் பிரிவுப் பொறியாளரைத் தனியாகச் சந்தித்து ஆண்டுச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். கொடுக்க நினைத்ததில் நாலில் ஒரு பங்கைப் பராமரிப்பு நிதியாக ஒதுக்கி, கட்டடத்தை அந்த அளவுக்குச் சிறிதாக்கச் சொல்லுங்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை திறப்பு விழாவுக்கு உங்கள் செய்தியாளர் போகும்போது, கட்டடத்தின் பரப்பளவு, செலவு, கொடுத்தவர் பெயர் இவற்றோடு, பராமரிப்பு நிதி எவ்வளவு, அது யார் பொறுப்பில் இருக்கிறது என்ற கேள்வியையும் துணைவேந்தரிடம் கேட்கட்டும். வருகிற பதிலைப் படத்துக்குக் கீழே போடுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக நிர்வாக அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்