பனிக்காலப் படங்களுக்குத் தெருப் பெயரும் தேதியும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்ததும் நாளிதழ்களில் வாசகர்கள் அனுப்பும் பனிமூட்டப் படங்கள் வரத் தொடங்குகின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் எந்த ஊர், எந்தத் தெரு, எப்போது எடுத்தது என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. சில வருடம் போனால் அந்தப் படத்தை வைத்து யாரும் எதையும் அறிந்துகொள்ள முடியாது. படத்தோடு இடம், தேதி, நேரம் மூன்றையும் தாங்கள் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்று கோரவே இதை எழுதுகிறேன். அப்படிப்பட்ட படங்களைச் சைக்கிளில் போய் எடுக்க விரும்புவோருக்கு, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களை வைத்துச் சில விவரங்களையும் சொல்ல விரும்புகிறேன்.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் காலை 6.30 மணியை ஒட்டி, கிழக்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளி உதிக்கிறது. நண்பகலிலும் உச்சிக்கு வராமல் தென்வானில் சுமார் 55 டிகிரி உயரத்தோடு நின்றுவிடுகிறது. மே, ஜூன், ஜூலையில் இதற்கு நேர்மாறு. அப்போது நண்பகல் சூரியன் சற்று வடக்கே இருப்பதால் கோயில்களின் தென்சுவர் நிழலில் கிடக்கும். ஆகவே தென்சுவர் தட்சிணாமூர்த்தியை எடுக்க மார்கழிதான் பருவம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில், இரண்டாம் இராசராசன் காலத்து முன்மண்டபத்தின் தென்புறம்தான் குதிரை பூட்டிய தேராக அமைந்திருக்கிறது. காலை எட்டு, எட்டரை வாக்கில் வெயில் தென்கிழக்கிலிருந்து சாய்வாக விழும்போது, கல் சக்கரத்தின் ஒவ்வொரு செதுக்கலும் தன் நிழலோடு புடைத்துத் தெரியும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் என்பதால் டிரைபாட் வைக்கத் தனி அனுமதி வேண்டும். கையில் பிடித்தே எடுக்கப் பழகிக்கொள்வது நல்லது.

மூட்டத்தின் வெண்மையைப் பார்த்துக் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) கூட்டினால்தான் பனி பனியாகத் தெரியும். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் காலை வெயிலின் மஞ்சள் வெளுத்துப்போகும், டேலைட்டில் வைக்கவும். ஏசி அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவை ஈரக்காற்றில் எடுத்தால் லென்ஸில் நீர் படியும். துடைத்தாலும் திரும்பப் படியும், ஏனென்றால் கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. முதல் நாள் இரவே ஏசி இல்லாத அறையில் வைத்துவிடலாம். மறந்துவிட்டால், காற்றுப் புகாத பையில் மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்கலாம்.

சைக்கிளைப் பொறுத்தவரை டெல்டா சமதளம், கியர் தேவையில்லை. கேரியரும் இரட்டைக்கால் ஸ்டாண்டும் உள்ள பழைய 28 அங்குல வண்டியே போதும். ஆனால் அதன் இரும்பு ரிம் பனியில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிடித்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அழுத்த வேண்டும். டைனமோ விளக்கை நம்பக் கூடாது. சக்கரம் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். படம் எடுக்க ஓரமாக நிற்கும் நேரத்தில்தான் பின்னால் வரும் பேருந்துக்கு நாம் தெரிய வேண்டும். பேட்டரியில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பின்னால் கட்டிக்கொள்வது அவசியம். கேமராவைக் கேரியரில் வைத்துக் கட்டினால் குலுங்கலில் திருகுகள் தளரும். தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டிக்கொண்டே படம் எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கியதும் சாலையே மாறிவிடும். வயலில் இறங்கி ஏறும் பெல்ட் வண்டி (பெல்ட் சக்கர அறுவடை இயந்திரம்) களிமண்ணைக் கட்டிகட்டியாகத் தார்ச்சாலையில் விட்டுப்போகும். அதன்மேல் பனி இறங்கினால் சோப்புப் போல வழுக்கும். அங்கே திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது, நேராக உருட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அடுத்து, சாலையோரம் காயும் நெல். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்குப் பொதுவான வரம்பு 17 சதவீதம். பனிக்காலத்தில் அறுத்த நெல் இதைத் தாண்டி நிற்பதாலும், களம் போதாததாலும் விவசாயி சாலைக்கு வருகிறார். காலையில் நெற்குவியல் தார்ப்பாய்க்குள் இருக்கும். தார்ப்பாய் மடிப்புகளில் பனிநீர் தேங்கி நிற்கும். வெயில் ஏறியதும் தண்ணீர் நெல்லில் சிந்தாமல் இரண்டு பேர் நுனிகளைப் பிடித்து வெளிப்பக்கமாகச் சரித்துவிட்டு, நெல்லைப் பரப்பி, காலாலேயே கோடு கோடாகக் கிளறி விடுவார்கள். இந்த மொத்த வேலையும் படத்தில் வர வேண்டியது. ‘சாலையை ஆக்கிரமித்த நெல்’ என்று அடியில் எழுதிவிட்டால், ஏன் அங்கே வந்தது என்பது மறைந்துவிடும். நெல்லின்மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். அது ஒருவரின் ஆறு மாத உழைப்பு. ஏற்றினால் சறுக்கி விழவும் நேரும்.

கோலங்களுக்கு ஏழரை மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு வண்டிச் சக்கரங்கள் ஏறிவிடும். நேர் மேலிருந்து எடுத்தால் புள்ளிக் கணக்கு தெரியும். தரையோடு தாழ்ந்து வெயிலுக்கு எதிராக எடுத்தால் மாவின் பொரபொரப்பும், சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவின் நரம்புகளும் துலங்கும். இரண்டுமே வேண்டும். போட்டுக்கொண்டிருப்பவரை எடுப்பதானால், “அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?” என்று முதலில் கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும். சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைகளிலும் இதே மரியாதை தேவை. உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றும் நேரத்தில் பிளாஷும் கூடாது, குறுக்கே போவதும் கூடாது. அங்கே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்தால்தான் உலோகத்தின் செந்நிறம் நிற்கும். அச்சு செய்ய மெழுகு உருவத்தின்மேல் பூசுவது காவிரி வண்டல் மண் என்பதையும் படக்குறிப்பில் சேர்த்து எழுதுங்கள்.

கையால் எழுதிய கடைப் பலகை, ஓட்டுவீட்டுத் திண்ணை, சைக்கிள் கடை வாசலில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, இவையெல்லாம் அறிவிப்பில்லாமல் மறைந்துவருபவை. நேருக்கு நேர் நின்று ஒன்று, தெருவோடு சேர்த்து ஒன்று என இரண்டு படம் போதும்.

இவற்றை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு, எடுத்த தேதி, நேர விவரமும் அழிந்துவிடுகிறது. ஆவணமாகவோ மின்னஞ்சல் இணைப்பாகவோ அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வந்து சேரும். தங்கள் வாசகர் படப் பகுதியில் இதை ஒரு வரியாக அச்சிடுங்கள். தெருப் பெயர் இல்லாமல் வரும் படங்களை அனுப்பியவரிடமே திரும்பக் கேட்டுப் பெற்று வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
கும்பகோணம்.