அப்பா–பையன் கிளப்: ஆண்டு நிறைவுக் கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். நம் குடியிருப்பு அப்பா–பையன் கிளப் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஏப்ரல் 12, ஞாயிறு மாலை 4 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம். அரை மணி நேரம்தான் பேச்சு, அப்புறம் நேராக பெசன்ட் நகர் கடற்கரை.

1. பிப்ரவரியில் கடற்கரையில் கடலாமை முட்டைகளைத் தேடும் இரவு ஆமை நடைக்குப் போனபோது தன்னார்வலர்கள் மணலைத் தோண்டி, பிங்பாங் பந்து மாதிரி வெள்ளையாக முட்டைகளை எடுத்தார்களே, அவை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும், அதனால் குஞ்சுகளைக் கடலில் விடுகிற பருவம் இதுதான். அன்றைக்கே பொரியும் என்று யாரும் உறுதி தர முடியாது, பையன்களிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

2. டார்ச், ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகரும், கடலை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

3. போன் காரிலேயே இருக்கட்டும். வேடந்தாங்கலில் பையன்கள் நாரையைப் பார்த்தார்கள், அப்பாக்கள் வாட்ஸ்அப்பைப் பார்த்தார்கள்!

4. அடுத்த வருஷத்துக்கு ஆளுக்கொரு யோசனையைப் பையன்களே தாளில் எழுதி வரட்டும். என்னைக் கேட்டால், ஊர் சுற்றியதைவிட சைக்கிள் பஞ்சர் ஒட்டப் பழகிய ஞாயிறுதான் உருப்படி.

5. அப்பா வெளியூரில் என்றால் தாத்தா, மாமா, சித்தப்பா யாரோடும் வரலாம், அம்மாவோடும்தான்.

வெள்ளி இரவுக்குள் எத்தனை பேர், காரில் எத்தனை இடம் என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் போட்டால் கணக்கில் வராது.