உத்தரத்தின் முனையையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு வேலைப்பாடுகளைக் கண்ணால் மட்டும் பார்த்து, 'மரம் உளுத்துவிட்டது, மாற்ற வேண்டும்' என்று முடிவு செய்யும் வழக்கம் வருத்தமளிக்கிறது. ஓட்டுக்கூரை ஒழுகும் இடங்களில், கூரையைத் தாங்கும் உத்தரத்தின், சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் பெரும்பாலும் முதலில் கெடும்; வெளியே தெரியும் நடுப்பகுதியோ பளபளவென்று நிற்கும். எனவே முனையருகே சுத்தியலால் தட்டி ஓசை கேட்பதோடு (அனுபவமுள்ள ஆசாரிக்கு இதுவே பாதி விடை), ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டுகிறதா என்று கருவியால் அளந்து, ஐயமுள்ள இடத்தில் மட்டும் மெல்லிய ஊசித்துளையிட்டு உள்வலிமையை அறிய வேண்டும். தேக்கின் வைரப்பகுதி (உள்ளிருக்கும் கெட்டியான மரம்) கரையானை வெகுவாகத் தாங்கும், வெளிப்புற வெள்ளைமரம் தாங்காது. எனவே மேற்பரப்பு அரிப்பைக் கண்டு முழுத் தூணையும் பழைய மரக்கடைக்கு அனுப்புவது அவசரம். கெட்ட பகுதியை மட்டும் நீக்கி, அந்த இடத்தில் வேறு மரத்துண்டை ஒட்டிச் சேர்க்கலாம்.

வாசகர் ஒருவர்,
காரைக்குடி.